சில மரியாதையற்ற சொற்கள்

வேல்விழிக்கு ஒரு வெள்ளைக்காரன் மேல் தீராத கோபம். அவன் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள் என்றால் ஏச்சு ஆரம்பமாகிவிடும். "நாசமாப் போறவன், இந்தப் பக்கத்தையும் முழுங்கிட்டாம்ட்டி ரஞ்சனி" என்பாள். நான் வாளியில் யூனிஃபார்மை ஊறவைத்துக்கொண்டே, "செத்தவனைப் போய் ஏன் திட்டுற, உசுரோட இருக்கிற மெஸ்காரனைத் திட்டு, சாம்பாராவது கெட்டியாகும்" என்பேன். அவள் காதில் விழாது.

நாங்கள் இருவரும் வல்லக்கோட்டைக் கோயில் சாலையில் ஒரு ஹாஸ்டலில் ஒரே அறை. நான் சாத்தூர், அவள் சாத்தான்குளம். ஒரகடத்தில் செல்போன் கேமராவுக்கு லென்ஸ் பொருத்தும் கம்பெனி ஒன்றில் இருவருக்கும் வேலை. எனக்கு இன்ஸ்பெக்‌ஷன், அதாவது நாள் முழுக்க உருப்பெருக்கியில் கண்ணை வைத்துக் கீறல் தேடுவது. அவளும் அசெம்பிளி லைனில்தான் சேர்ந்தாள். கேன்டீனில் சீனத்து இன்ஜினியர்கள் ரசத்தைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தபோது நாங்களெல்லாம் சிரித்தோம், இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். கைஜாடையில் ஆரம்பித்து, போனில் படித்து, பிறகு கம்பெனியே அவளைச் சீனாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பி, திரும்பி வந்தபோது இன்டர்பிரட்டர் என்று அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. அவளுடைய தைரியத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் இந்நேரம் எங்கேயோ இருந்திருப்பேன்.

கோபம் வந்த கதை இது. சென்னையில் சின்னதாகப் பதிப்பகம் நடத்துகிற கோபால் என்பவர், ஒரு பழைய சீன நாவலைத் தமிழில் செய்யும்படி அவளிடம் கேட்டார். சீனத்திலிருந்து அல்ல, ஆங்கிலத்திலிருந்து. சீனத் துறைமுகம் ஒன்றில் சுங்க அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரன் செய்த மொழிபெயர்ப்பு அது. உரிமை என்று கேட்க ஆள் யாரும் மிச்சமில்லை, அதுதான் கோபாலுக்குப் பிடித்த விஷயம். சீனம் தெரிந்த ஒருத்தியைப் பிடித்து ஆங்கிலத்திலிருந்து செய்யச் சொன்ன அந்த மனிதரின் மூளையை என்னவென்று சொல்வது!

வேல்விழி சரித்திரம் படித்தவள். வேலையைத் தொடங்கும் முன் அந்தக் காலத்து மொழிபெயர்ப்புகளைப் பற்றி நெட்டில் தேடித் தேடிப் படித்தாள். படித்ததையெல்லாம் ஷேர் ஆட்டோவில் என் காதில் கொட்டினாள். சீன நாவல்களை முதலில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் பாதிரியார்கள், வியாபாரக் கம்பெனி ஆட்கள், தூதரகத்துக் குமாஸ்தாக்கள். அவர்களில் பலருக்குக் கதை முக்கியமில்லை. மொழி பழகப் பாடப் புத்தகம் வேண்டும், இல்லையென்றால் சீனர்கள் வீட்டுக்குள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படிக் கல்யாணம் செய்கிறார்கள் என்று தெரியவேண்டும். அதனால் நடுவில் வரும் பாட்டுகளை வெட்டினார்கள். அத்தியாய முடிவில் கதைசொல்லி நம்மைப் பார்த்துப் பேசுகிற வரிகளை வெட்டினார்கள். ஆட்கள் அதிகம் என்று பாதிப் பேரைக் கழித்தார்கள். சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர்கள் அதை வாங்கி அடுத்த மொழிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே படித்த பெரிய மனிதர்களில் சிலர், அட, இவர்களும் நம்மைப் போலத்தான் இருக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டார்கள். சிலர், கதைக்கு ஒரு கட்டுக்கோப்பே இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார்கள். கட்டை அவிழ்த்தது யார் என்று அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

இதெல்லாம் பொதுவான எரிச்சல். சொந்தக் கோபம் லின் சாரால் வந்தது. லின் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். ஒல்லியான மனிதர், மழைக்காலத்தில் எப்போதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பார். வேல்விழி அந்த நாவலைச் செய்கிறாள் என்று தெரிந்ததும் முகமெல்லாம் பல்லாகி, "வேலைக்காரி பேசும் அத்தியாயத்துக்கு வந்துவிட்டாயா?" என்று கேட்டார். அப்படி ஒரு அத்தியாயமே ஆங்கிலத்தில் இல்லை. எஜமானியின் பிறந்தநாளன்று ஒரு கிண்ணம் உடைகிறது, பழி ஒரு பணிப்பெண் மேல் விழுகிறது. அதற்குப் பிறகு வெள்ளைக்காரன் எழுதியது ஒரே வரி: சில மரியாதையற்ற சொற்களைக் கூறியபின் அவள் வெளியேற்றப்பட்டாள்.

இதை வெட்டியவன் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டுவிட்டு, லின் சார் சீன அத்தியாயத்தை அவள் போனுக்கு அனுப்பினார். அகராதியை வைத்துக்கொண்டு, தெரியாத இடங்களை அவரிடமே கேட்டுக்கேட்டு வேல்விழி படித்து முடித்தாள். அந்தப் பெண் முற்றத்தில் நின்று பேசுகிறாள். அந்த வீட்டில் யார் யார் என்னென்ன செய்தார்கள், எதையெல்லாம் அவள் பார்த்தும் பார்க்காதவளாக இருந்தாள் என்று ஒவ்வொருவரையும் பார்த்துச் சொல்கிறாள். கடைசியில் அந்த வீடு கொடுத்த செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் பனியில் வெறுங்காலோடு நடந்து போகிறாள். இதைத் தமிழில் அவள் சொல்லக் கேட்டபோது கையில் சோப்பு நுரையோடு நான் அப்படியே நின்றேன்.

"இத்தனையும் ஒரு வரியாட்டி? மரியாதையற்ற சொற்களாம். யாருக்கு மரியாதை? அவன் யாருட்டி அதைச் சொல்ல?" என்று கத்தினாள். பக்கத்து அறைப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இனி அவளுடைய வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். லைனில் ஏதாவது கோளாறு என்றால், மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கும்போது லைன் ஓரத்திலேயே எல்லோரையும் நிற்கவைத்து மீட்டிங் போடுவார்கள். லின் சார் சீனத்தில் கேட்பார், வேல்விழி தமிழில் சொல்வாள், ஆள் பதில் சொல்லும், அவள் சீனத்தில் சொல்வாள். எங்கள் ஆட்கள் சும்மா பேசுவார்களா? வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டுவார்கள், சமயத்தில் கெட்ட வார்த்தையும் விழும். வேல்விழி அதையெல்லாம் வடிகட்டி, "மன்னிக்கவும் என்கிறார், இனிக் கவனமாக இருப்பாராம்" என்று முடித்துவிடுவாள். லின் சார் தலையாட்டுவார். ஆள் வேலைக்குத் திரும்பிவிடும். இப்படி அவளால் தப்பித்தவர்கள் எங்கள் உற்பத்திக்கூடம் முழுக்க உண்டு. எனக்குச் சீனம் தெரியாது, ஆனால் ஒருவர் மூச்சுவிடாமல் பேசியதற்கு இவள் நாலு சொல்லில் பதில் முடித்தால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று தெரியாதா? தெரிந்துதான் எல்லோரும் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தோம்.

தங்கமாரி அக்காவுக்கு நடந்தது ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். விளாத்திகுளத்துப் பக்கம் அவளுக்கு. புருஷன் இல்லை, மகள் கனிஷ்கா ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். ஏஜென்சி மூலமாக வந்த கான்ட்ராக்ட் ஆள். லென்ஸ் தட்டுகள் அடுக்கிய தள்ளுவண்டியை அவள் தள்ளிக்கொண்டு போகும்போது வண்டி சாய்ந்து தட்டுகளெல்லாம் தரையில் கொட்டின. அந்த வண்டியின் சக்கரம் சுற்றவில்லை என்று அவள் சூப்பர்வைசர் புருஷோத்தமனிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவர் உள்ளூர்க்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், டார்கெட் என்றால் மட்டும் பேய் பிடித்துவிடும். "அத்த அப்பால பாத்துக்கலாம், இப்போ தள்ளிக்கினு போ" என்று சொன்னதை நானே கேட்டேன்.

மறுநாள் மீட்டிங்கில் லின் சார், "தவறு யாருடையது?" என்று கேட்டார். புருஷோத்தமன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கமாரி அக்கா ஒரு காலைத் தாங்கியபடி முன்னால் வந்தாள்.

"சக்கரம் சுத்தலன்னு நான் சொன்னேனா இல்லையான்னு அந்தா நிக்காரே, அவர்ட்ட கேளுங்க. தட்டு ஒடஞ்சதும் இத்தன பேரு ஓடி வந்தீக. வண்டி எங் கால் மேல விழுந்துச்சே, அதுக்கு ஒரு ஆளு வந்தீகளா? ஒடஞ்ச லென்ஸ எண்ணுனீக, எங் கால ஒருத்தரும் பாக்கல. எங்கம்மா செத்தப்போ, பொதச்ச மண்ணு காயுமுன்ன டூட்டிக்கு வந்து நின்னேன். அன்னைக்கு இதே எடத்துல நிக்க வச்சு, நல்ல ஒர்க்கர்னு எல்லாரும் கை தட்டுனீக. இன்னைக்குத் தப்பு எம்மேலன்னா அந்தக் கைத்தட்டையும் திருப்பி எடுத்துக்கோங்க. எனக்கு வேண்டாம்."

இன்னும் பேசினாள். பேசி முடித்ததும் வேல்விழி லின் சார் பக்கம் திரும்பி நாலு சொல் சொன்னாள். லின் சார் தலையாட்டினார். பக்கத்திலிருந்த ஹெச்.ஆர். பெண் ஏதோ குறித்துக்கொண்டாள். மீட்டிங் முடிந்தது.

அடுத்த நாள் காலை படப்பையில் கம்பெனி பஸ்ஸில் தங்கமாரி அக்கா ஏறியபோது அவள் கார்டு செல்லாது என்று இறக்கிவிட்டார்கள். அந்த மாதம் புதிதாக ஒரு விதி வந்திருந்ததாம். பெரிய சேதத்துக்குத் தானே பொறுப்பு என்று ஒப்புக்கொள்ளும் கான்ட்ராக்ட் ஆளை உடனே நிறுத்திவிட வேண்டும். விதி ஹெச்.ஆர். வரைக்கும் வந்தது, வேல்விழிக்கு யாரும் சொல்லவில்லை. தப்பை ஒப்புக்கொண்டு போனவள் என்று ஏஜென்சியிலும் பெயர் ஏறிவிட்டது. அப்படிப் பெயர் ஏறினால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒரு கம்பெனி கேட்டும் திறக்காது. எந்த மன்னிப்பு இத்தனை நாள் எல்லோரையும் காப்பாற்றியதோ, அதுவே அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேல்விழி வெள்ளைக்காரனைத் திட்டவில்லை. மடிக்கணினியைத் திறந்துவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பணிப்பெண் பேசும் இடத்துக்கு வந்திருந்தாள், ஒரு வரிகூட நகரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீ நல்லதுக்குத்தானே சொன்ன? இத்தனை பேருக்கு அதே மாதிரிதானே சொன்ன? ரூல் மாறினது உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அவனும் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பான்" என்றாள். "அந்த வேலைக்காரி பேசுறத அப்படியே போட்டா, லண்டன்ல படிக்கிறவங்க மூஞ்சியச் சுளிப்பாங்க, அவளை வாயாடிம்பாங்கன்னு நெனச்சிருப்பான். அவ மானத்தைக் காப்பாத்துறதா நெனச்சிருப்பான். நானும் அதத்தானட்டி செஞ்சேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் இருவரும் படப்பைக்குப் போனோம். புதிதாக மனை போட்டு விற்கிற பக்கம் தங்கமாரி அக்காவின் அறை. தெருவில் முழங்கால் வரை தண்ணீர், செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கப் போகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. அக்கா வீங்கிய காலை ஒரு வாளியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்துப் போனோம். அவள் தெளிவாக இருந்தாள்.

"வேலை போனா போட்டும்ட்டி வேலு. கனிஷ்காவுக்கு எப்படியாச்சும் பாத்துக்கிடுவேன். ஆனா ஒண்ணு, அம்புட்டுப் பேரு முன்ன மனசுல கெடந்தத எல்லாம் சொல்லிட்டேன். அந்தச் சீனாக்காரரு மூஞ்சியப் பாத்தியா? அப்படியே கேட்டுக்கிட்டு நின்னாரு. எங்கம்மாவைப் பத்திச் சொன்னப்போ தலைய ஆட்டுனாரு. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் வெளிய போன்னாரு. சரி, கேட்டாருல்லா? எனக்கு அது போதும்."

வேல்விழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில், வாயைத் திறக்காமல் வீடு திரும்பிவிடலாம் என்ற ஆசை எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே ஆசைதான். அந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அவர் கேக்கலக்கா" என்றாள் வேல்விழி. "நான் சொல்லல. நீங்க மன்னிப்புக் கேக்கீங்கன்னு மட்டுந்தான் சொன்னேன். வேலை போயிரக் கூடாதேன்னு சொன்னேன்."

தங்கமாரி அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலைக் கீழே இறக்கினாள். முகம் சின்னதாகிவிட்டது.

"எங்கம்மாவைப் பத்திச் சொன்னது?"

"அதுவும் சொல்லலக்கா."

"அப்போ நான் யார்ட்டட்டி பேசுனேன்?" என்றாள். வாசலைக் கை காட்டி, "போ. போய்ச் சொல்லு. அதே எடத்துல நின்னு சொல்லு" என்றாள். எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை மீட்டிங் முடிகிற நேரத்தில் வேல்விழி முன்னால் வந்து லின் சாரிடம் சீனத்தில் பேசத் தொடங்கினாள். பேசினாள், பேசினாள், நிறுத்தவே இல்லை. நடுவில் தன் காலைக் காட்டினாள், புருஷோத்தமனைக் கை காட்டினாள், ஒரு இடத்தில் கை தட்டிக் காட்டினாள். எந்தச் சொல் எங்கே வருகிறது என்று மொழி தெரியாத எனக்கே புரிந்தது. லின் சார் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவள் எங்களைப் பார்த்துத் திரும்பித் தமிழில், "தங்கமாரி அக்கா அன்னைக்கு மன்னிப்புக் கேக்கல. கேட்டது நான்" என்றாள்.

புருஷோத்தமனிடம் கேட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "சொல்லுச்சு சார். வண்டி ரிப்பேரு கீதுன்னு சொல்லுச்சு. நான்தான் தள்ளச் சொன்னேன், நான் இன்னா பண்றது, மேல நம்பர் கேக்குறாங்கோ" என்றார். வேல்விழி அதையும் ஒரு சொல் குறையாமல் சொன்னாள்.

லின் சார் வெகுநேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பிறகு அவளிடம் இரண்டு கேள்விகள் கேட்டார், அன்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் அவற்றை எனக்குச் சொன்னாள். முதல் கேள்வி, இதற்கு முன்னும் இப்படிச் செய்திருக்கிறாயா என்பது. பல தடவை என்று அவள் சொன்னாள். இரண்டாவது இது. "அப்படியானால் இத்தனை வருஷமும் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்?"

"அதுக்கு நீ என்ன சொன்ன?" என்றேன்.

"அந்த அத்தியாயத்தை வெட்டுனவன் எப்படிப்பட்ட ஆளுன்னு முன்ன ஒரு நாள் கேட்டீங்கல்ல, அவன் நான்தான் சார்னு சொன்னேன்" என்றாள். சோற்றைப் பிசைந்தாளே தவிரச் சாப்பிடவில்லை.

தங்கமாரி அக்காவை மறுபடி எடுத்துக்கொண்டார்கள், லைனில் இல்லை, பேக்கிங்கில். வேல்விழியின் இன்டர்பிரட்டர் அட்டையை வாங்கிக்கொண்டு அவளை லைனுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது மீட்டிங்கில் லின் சார் ஒரு போனை நீட்டுகிறார், அது பேசுகிறது. எங்கள் ஆட்களின் கெட்ட வார்த்தைகளை அது என்னவாக ஆக்குகிறதோ தெரியவில்லை. அவளால் தப்பித்தவர்களில் சிலரே அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பழைய மன்னிப்புகளையெல்லாம் கிளறுவார்களோ என்ற பயம். நன்றி கெட்ட கூட்டம் என்று நான் கேன்டீனில் சத்தமாகவே சொன்னேன்.

கோபாலுக்கு அந்த அத்தியாயத்தை முழுசாக அனுப்பினாள். "ஒரு வேலைக்காரிக்கு இவ்வளவு பக்கமா? இங்கிலீஷ்ல ஒரு வரிதானேம்மா, அதையே வச்சுடுங்க" என்று போன் செய்தார். அப்படியானால் புத்தகமே வேண்டாம் என்று வைத்துவிட்டாள். இனி யார் அதைப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

தங்கமாரி அக்கா அவளோடு பேசுவதில்லை. மார்கழியில் ஒரு நாள் காலை பஸ்ஸில் இடமில்லாமல் அக்காவின் பக்கத்தில் வேல்விழி உட்கார வேண்டியதாயிற்று. நான் பின்சீட்டில் இருந்தேன். படப்பை தாண்டியதும் வேல்விழி பையிலிருந்து தாள்களை எடுத்து, கேட்கிறாளா இல்லையா என்று பார்க்காமலே வாசிக்கத் தொடங்கினாள். முற்றம், கிண்ணம், அந்தப் பெண்ணின் பேச்சு. சீனத்துப் பணிப்பெண் விளாத்திகுளத்துப் பேச்சில் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றும் இடம் வந்தபோது திரும்பினாள்.

"அந்தப் பிள்ளைய மறுபடி எடுத்தாகளா?"

"இல்லக்கா."

"பேசுனத யாராச்சும் கேட்டாகளா?"

"முத்தத்துல நின்ன எல்லாரும் கேட்டாங்கக்கா."

"அவ பேரு என்ன?"

"இங்கிலீஷ்ல பேரு கெடையாது. ஒரு பணிப்பெண்ணுன்னு மட்டும் போட்டிருக்கான். சீனத்துல இருக்கு. சுன்ஹே."

"வெட்டுனவம் பேரு?"

"அது அட்டையிலயே இருக்கு."

தங்கமாரி அக்கா கையை நீட்டித் தாள்களை வாங்கினாள். முதல் தாளை எடுத்து, மேலே காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தாள். "இங்க மொதல்ல அவ பேரப் போடு" என்றாள்.

வேல்விழி அழுதாள். அக்கா அவளைத் தேற்றவில்லை. பஸ் ஒரகடம் வந்து கேட்டுக்குள் நுழையும் வரை அந்தத் தாள்களை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.